ஜீப்புக்கு ஷாக் அப்சார்பர் தேடிய வாரம்

ஆகஸ்ட் 21, வியாழன்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து ஓயாமல் வீச்சு. வாயைத் திறந்தால் எங்கள் சிக்கல் கிராமத்துப் புழுதியில் பாதி வயிற்றுக்குள். காலை முழுக்க ஜீப்புக்கு அடியில் படுத்து ஆராய்ச்சி. பின்பக்க ஷாக் அப்சார்பர் (இனி ஷா.அ.) இரண்டும் எண்ணெய் ஒழுகி, அதில் மண் ஒட்டி, வறுத்த மீன் மாதிரி. முன்பக்கம் ஒன்று தொட்டதும் கையோடு வந்துவிட்டது. நேற்று ஏறி இறங்கிய வேகத்தடையில் என் கடைவாய்ப் பல் தாடை மாறி உட்கார்ந்துவிட்டதாகச் சந்தேகம்.

இப்போது அவசரம். கார்த்திகா, என் தங்கச்சி மகள், இராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். 31 ஞாயிறு அங்கே வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் ஊருக்கு வர வேண்டும். போனில் அவளே சொன்னாள்: "மாமா, நான் ஒங்க ஜீப்புலதான் வருவேன். அப்பா காருக்குள்ள ஒக்காந்தாலே கொமட்டுது."

மாமன் வாழ்க்கையில் இதற்கு மேல் பட்டம் கிடையாது.

மச்சான், அதாவது அவள் அப்பா, டீக்கடையில் இதைக் கேட்டார். வரப்புத் தகராறுக்குப் பிறகு என்னை எந்த விசேஷத்திலும் முன்னால் நிற்க விடாத புண்ணியவான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அந்த ஜீப்புலயா? பாம்பன் பாலத்துலயே பிள்ளையப் பெத்துருவா."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இராமநாதபுரம். மெக்கானிக் காசிம் பட்டறை. வெயில், தகரக் கூரை, உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் அரைவேக்காடு.

என் ஜீப் மாவட்டத்திலேயே உயரமானது. மழைக்காலத்தில் மிளகாய்க் காட்டுக்குள் போக, போன வருடம் தூக்கிக் கட்டினேன். ஊருக்குள் ஒரு முழம் என்று சொல்லியிருக்கிறேன். நிஜத்தில் நாலு அங்குலம்.

காசிம் வைத்த விருந்து:

– தூக்கிய வண்டிக்கென்றே செய்த கேஸ் ஷா.அ. விலையைக் கேட்டதும் எழுந்து நின்றேன், மரியாதைக்கு.
– கம்பெனி உருப்படி. விலை பரவாயில்லை. ஆனால் தூக்காத வண்டியின் அளவு. "பள்ளத்துல சக்கரம் தொங்குறப்ப இது எட்டாது மாமா. இழுத்து இழுத்து அத்துக்கிரும்."
– பழசையே சீல் மாற்றி எண்ணெய் நிரப்புவது. மலிவு. ஆயுள்? காசிம் வானத்தைப் பார்த்தான்.
– வேறு வண்டியுடையது, அளவு பொருந்தினால்.

வீடியோவில் பார்த்த ஞானத்தில், "ஸ்ட்ரட்டும் நாலு போட்டுரு" என்றேன்.

"அது ஒங்க மச்சான் காருல இருக்கும் மாமா. ஸ்பிரிங்கும் சாக்கும் ஒண்ணாச் சேந்த சாமான். ஒங்களுக்குப் பட்டை ஸ்பிரிங்கு. அதுக்கு இடமே கெடையாது."

இங்கேயும் மச்சானிடம் இருப்பது என்னிடம் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நானே அளந்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, மேல் முனையிலிருந்து கீழ் முனை வரைக்கும் டேப். நீளமாக இருந்தால் மெத்தென்று இருக்கும் என்பது என் சித்தாந்தம். ஜீப்பைக் காசிம் பட்டறையில் விட்டுவிட்டு, மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் இருப்பதிலேயே நீளமானதாக நாலு. ஒவ்வொன்றும் பீரங்கி. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நின்றே வந்தார்.

சாயங்காலம் காசிம் மாட்டினான். நடுவில் டேப்பை ஒரு தரம் எடுத்தான், திரும்ப வைத்துவிட்டான். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

உத்தரகோசமங்கை தாண்டி ஒரு பள்ளம். இருக்கைக்கு அடியிலிருந்து உலக்கையால் யாரோ குத்தினார்கள். அடுத்த பள்ளம், அடுத்த குத்து. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் உயரத்தில் நாலு அங்குலம் குறைவு.

ஆகஸ்ட் 25, திங்கள்

மறுபடியும் பட்டறை.

"தொங்கவிட்டு மட்டும் அளந்தா இப்படித்தான் மாமா. தரையில நிக்கிறப்ப எவ்வளவு, முழுசா அமுங்குறப்ப எவ்வளவு, அதையும் பாக்கணும். இது அமுங்க எடமில்லாம பாடியப் போய் இடிக்குது."

"தெரிஞ்சுகிட்டே ஏன்டா மாட்டுனே?"

"நீங்க பீரங்கியத் தோள்ல வச்சுகிட்டு வந்தீங்க. என்னத்தச் சொல்ல?"

மதுரைக்காரனுக்குப் போன். திருப்பி எடுக்க மாட்டானாம். நாலையும் கொல்லையில் வைத்தேன். கோழி ஏறி நின்று ஊரைப் பார்க்கிறது.

இரவு சாப்பிடவில்லை. கார்த்திகா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான். காது குத்தினபோது மடியில் வைத்திருந்தது நான். அவள் கல்யாணத்தில் மட்டும் எனக்கு வாசலில் பன்னீர் தெளிக்கிற உத்தியோகம். மச்சான் ஏற்பாடு. இதையும் விட்டால் அப்புறம் எனக்கு அந்த வீட்டில் என்ன இடம்? எழுதிப் பார்த்தால் சின்னப் பிள்ளை அழுகை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை கல். அதை வைத்து வீடு கட்டலாம்.

விஷயம் முடிந்தது. ஒரு சின்னச் சரக்கு வண்டியின் பின்பக்க ஷா.அ., புதிது, கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தயாரிப்பு. காசிம் மூன்று விதமாகவும் அளந்தான். தொங்கினாலும் எட்டுகிறது, அமுங்கினாலும் இடிக்கவில்லை. முனையில் வேறு ரப்பர் புஷ் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மூட்டை ஏற்றுவதற்காக நான் கூடுதலாகச் சொருகியிருந்த ஸ்பிரிங் பட்டையையும் பின்பக்கம் ஒன்று உருவிவிட்டான். "வெறும் வண்டி குதிச்சதுக்குப் பாதிக் காரணம் இதுதான். ஆளு ஏத்தப்போறீங்களா, மூட்டை ஏத்தப்போறீங்களான்னு மொதல்லயே சொல்லக் கூடாதா?"

சோதனை: பின் இருக்கையில் ஒரு செம்பு தண்ணீர், கழுத்து வரை. கீழக்கரை ரோட்டில் போய் வந்தேன். ஒரு சொட்டுச் சிந்தியிருந்தது. அதுவும் என் நெற்றி வியர்வையாக இருக்கலாம்.

உலகத்தில் இதுவரை ஓடிய எல்லா ரதங்களும் இனி மாட்டுவண்டிகள்.

ஆகஸ்ட் 30, சனி

தங்கச்சி போன். குரலைத் தாழ்த்தி: "அண்ணே, அவரும் காரக் கொண்டாராரு. வாசல்ல மொதல்ல நீங்க நிறுத்திருங்க. பிள்ளை ஒங்க கூடத்தான் வருவேன்னு பிடிவாதமா இருக்கா. நான் ஒண்ணும் சொன்னதாக் காட்டிக்கிராதீங்க."

ஜீப்பைக் கழுவினேன். பின் இருக்கைக்கு இலவம்பஞ்சு மெத்தை. சாய்ந்துகொள்ளத் தலையணை. புளிப்பு மிட்டாய், எலுமிச்சம்பழம், விசிறி. காற்று அடியோடு நின்றுவிட்டது. நல்ல சகுனம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விடிவதற்குள் இராமேஸ்வரம். வாசலில் முதல் வண்டி என்னுடையது. மச்சான் கார் தெருமுனையில். பார்த்துவிட்டுக் காரைப் பூட்டினார்.

வளையல் தட்டை மச்சானின் அண்ணன் தூக்கினார். பரவாயில்லை என்று நின்றேன். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனமும் வியர்வையும் கலந்து வழிய, கார்த்திகா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அந்த நிமிஷம் இராமநாதபுரம் சீமைக்கே நான்தான் ராஜா.

கிளம்பும் நேரம். ஜீப் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றாள். படி அவள் இடுப்புக்கு இருந்தது.

நீளம் பார்த்தேன், அமுக்கம் பார்த்தேன், செம்புத் தண்ணீர் பார்த்தேன். நிறைமாசத்தை நெருங்கும் பிள்ளை பட்டுச்சேலையோடு எப்படி ஏறுவாள் என்று மட்டும் பார்க்கவில்லை.

லாட்ஜிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஆடியது. நான் பிடித்துக்கொண்டேன். "ஏறிருவேன் மாமா" என்று கம்பியைப் பற்றினாள். வளையல் கம்பியில் உரசிச் சத்தம் கேட்டது. அவள் மாமியார் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாம்மா. இன்னைக்குப் போட்ட வளவி, ஒண்ணு ஒடஞ்சாலும் மனசுக்குச் சரிப்படாது. மாமா கோவிச்சுக்க மாட்டாக."

மச்சான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். காரைக் கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்துபிடித்தார். ஜீப்பிலிருந்த தலையணையை எடுத்துத் தங்கச்சியிடம் நானே கொடுத்தேன்.

வளைகாப்பு முடிந்து போகிற பெண் அந்த வாசலில் போய்ட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. கார்த்திகா சொல்லவில்லை. பார்க்கவும் இல்லை. வழக்கம்தான்.

பின்னாலேயே நான் மட்டும். பாலத்தில் ஏறினோம். ஒவ்வொரு இணைப்பிலும் மச்சான் கார் மூக்கைக் குத்திக் குத்தி எழுந்தது. முன்பக்க ஸ்ட்ரட் இரண்டும் செத்திருக்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் என்றால் எனக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காரின் பின்கண்ணாடி வழியே அவள் தலை துள்ளுவதும், தங்கச்சி கை அதைத் தாங்குவதும் தெரிந்தது. ஹாரன் அடித்து நிறுத்தச் சொல்லலாம். நிறுத்தி? என் வண்டியில் ஏற்ற முடியாது.

என் ஜீப் பாலம் முழுக்க ஒரு இடத்தில்கூடக் குலுங்கவில்லை.