விளக்கு அணைந்த பிறகும் இறங்கியவருக்கு

என் அருமை மாமா,

நீங்கள் இருக்கும் இடத்திலும் கூட்டங்கள் நடக்கின்றனவா? யாராவது எதையாவது விளக்கிப் பேசுகிறார்களா? நடந்தால், துண்டை மடித்துப் போட்டு முதல் வரிசையில் நீங்கள்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி ஏர் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள் என்ற குறை உங்களுக்குக் கடைசிவரை தீரவில்லை. தேங்காய் வண்டியோடு பாலக்காட்டுக்குப் போனால், பாரத்தை இறக்கியதும் பஸ் நிற்கிற இடத்துச் சுவர்களைத்தான் தேடிப் போவீர்கள். ஒட்டியிருக்கும் நோட்டீஸ் ஒன்றையும் விடமாட்டீர்கள். பிறகு வாசகசாலை. எங்கே யார் எதைப் பற்றிப் பேசினாலும் உங்களுக்குச் சரிதான். தென்னைக்கு உரம், கண்ணில் புரை, வானத்து நட்சத்திரம். கோயமுத்தூரில் ஒருமுறை டாக்டர்களுக்கென்று நடந்த கூட்டத்தில் தெரியாமல் நுழைந்து, இங்கிலீஷ் பேச்சை முடியும்வரை கேட்டுவிட்டு வந்தீர்கள்.

“ஒரு வார்த்தையாச்சும் புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டேன்.

“புரியல புள்ளே. ஆனா நொரையீரல் படம் காட்டுனாங்க. நம்ம நெஞ்சுக்குள்ள அத்தாப் பெரிய தேனடை இருக்குது, தெரியுமா?”

கேட்டதையெல்லாம் என்னிடம் சொல்லித் தீர்த்தால்தான் உங்களுக்குச் சோறு இறங்கும். நம் பெருமாட்டி ஊரை விட்டு நகராமலே அத்தனை கூட்டத்துக்கும் நானும் போய்வந்தேன்.

கிணற்றுக் காற்றைப் பற்றிய பேச்சையும் அப்படித்தான் கேட்டேன். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கோயமுத்தூரில் பேசினார் என்றீர்கள். மூடிக் கிடக்கும் பழைய கிணற்றின் அடியில் கெட்ட காற்று தேங்கி நிற்குமாம். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. முதலில் ஒரு விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும், அது அணைந்தால் மனிதன் இறங்கக் கூடாது. ஊரில் எல்லோரிடமும் சொன்னீர்கள். உங்கள் அண்ணன்தான் சிரித்தார். “கெணத்துல முனி இருக்குதுன்னு நம்ம அய்யன் சொன்னாரு. இவன் காத்துங்கறான். ரெண்டுல எது வந்தாலும் துணிஞ்சவனை ஒண்ணும் பண்ணாது.”

மழை பொய்த்த அந்த வருஷம் தெற்குத் தோட்டத்துப் பழைய கிணற்றைத் தூர் வாரலாம் என்று முடிவெடுத்தவரும் அவர்தான். நீங்கள் வந்து பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தீர்கள். நீங்கள் வருவதற்குள் என் தம்பி ராசு இறங்கிவிட்டான். நான் கஞ்சிக் கலயத்தோடு வரும்போது எல்லோரும் கிணற்றுமேட்டில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பதில் இல்லை.

நீங்கள் ஓடி வந்தீர்கள். அந்த அவசரத்திலும் முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினீர்கள். பாதிக் கிணறு போவதற்குள் அது அணைந்தது. நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு விளக்கை அவிழ்த்து வைத்துவிட்டு, கயிற்று நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கல்லில் கால் வைத்தீர்கள்.

தெரியாமல் இறங்கினவன் என் தம்பி. தெரிந்து இறங்கினவர் நீங்கள். நான் உங்கள் கையைப் பிடித்திருந்தால் நின்றிருப்பீர்களா? அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் மாமா? போகட்டுமா என்று கேட்டீர்களா, போகிறேன் என்று சொன்னீர்களா?

“கட்டிட்டேன், இழுங்க!” என்று கேட்ட குரல்தான் கடைசி. இழுத்தோம். ராசு வந்தான், வாயில் நுரையோடு, ஆனால் உயிரோடு. இருந்தது அந்த ஒரு கயிறு. அவன் உடம்பிலிருந்து அவிழ்த்து மறுபடி இறக்கியபோது அதைப் பிடிக்க உங்கள் கை எழவில்லை.

இழவு வீட்டிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. “ஊரூராக் கூட்டங் கேட்டான். கேட்டு என்ன பிரயோசனம்?” என்றார் உங்கள் அண்ணன். எனக்கு அழுகை நின்று போனது. படிப்பு உங்களைக் காப்பாற்றவில்லை என்கிறார்களே, படித்ததை யார் கேட்டார்கள்?

கிணற்றுக் காற்றைப் பற்றிப் பேசிய அந்தப் பெரியவரைத் தேடுவது என்று முடிவு செய்தேன். பெயர் தெரியாது, சுரங்கக்காரர் என்பது மட்டும் தெரியும். மலபார் இப்போது கேரளத்தோடு சேர்ந்துவிட்டது மாமா. பாலக்காட்டுச் சுவர்களில் மலையாள நோட்டீஸ்தான் அதிகம். நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்த நாலு எழுத்தை வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். வாசகசாலையில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஸ்திரீகளுக்குத் தையல் கிளாஸ் உண்டு, அதுக்கா?” என்றார்.

“தையல் வேண்டாங்க. கெணத்துக் காத்தைப் பத்திப் பேசுறவரு எங்க இருக்காருன்னு தெரியோணுங்க.”

அவருக்குத் தெரியவில்லை. கோயமுத்தூருக்குப் போனேன். எந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் பார்த்தாலும் நுழைந்து, முடிந்ததும் மேடையில் பேசினவரிடம் போய்க் கேட்டேன். சில இடங்களில் வாசலிலேயே நிறுத்தினார்கள். ஒருவர் நான் பிச்சைக்கு வந்தேன் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் அவர் வீட்டுக்கு வழி சொன்னார்.

நடந்ததைச் சொன்னேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“விளக்கு அணைஞ்சா இறங்காதீங்கன்னு சொன்னேன். உள்ளே ஏற்கெனவே ஒரு ஆள் விழுந்து கிடந்தா என்ன செய்யணும்னு நான் சொல்லலையேம்மா” என்றார்.

“சொல்லியிருந்தா நின்னிருப்பாருங்களா?”

“தெரியாதும்மா. இறங்கினாலும் மொதல்ல தன் இடுப்புல ஒரு கயிறு கட்டிக்கிட்டு இறங்கியிருப்பார்.”

அந்தப் பதிலோடு பஸ்ஸில் எப்படித் திரும்பினேன் என்று கேட்காதீர்கள். இன்னொரு கயிறு. பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினால் கிடைத்திருக்கும்.

நான் கேட்டுக்கொண்டபடி போன வாரம் அவர் நம் ஊருக்கே வந்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டம். வீடு வீடாகப் போய்ச் சொன்னது நான்தான். ஆட்கள் குறைவு, உங்கள் அண்ணன் வரவில்லை. தழைக் கட்டைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குவது, குடம் குடமாகத் தண்ணீரை வீசி ஊற்றுவது, இறங்குகிறவனுக்கு முதலில் கயிறு கட்டுவது, எல்லாம் செய்து காட்டினார். கடைசியில் யாரும் எதிர்பாராமல் ராசு எழுந்தான். உங்கள் சாவுக்குப் பிறகு அவன் நாலு பேர் நடுவில் வாய் திறந்ததே இல்லை.

“மூச்சு முட்டுமுன்னு நெனைக்காதீங்க. ஒண்ணுமே தெரியாதுங்க. தூக்கம் வர்ற மாதிரிதான் வரும்” என்றான். அதற்குமேல் பேச முடியாமல் வெளியே போய்விட்டான்.

நீங்கள் கடைசியில் வலியில்லாமல் போனீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு கூட்டத்தில் தெரிந்துகொண்டேன் மாமா.

ராசு தினமும் நம் வீட்டில்தான் சாப்பிடுகிறான். இன்றுவரை என் முகத்தைப் பார்த்து ஒரு வாய்ச் சோறு கேட்டதில்லை. இலையைப் பார்த்தே தின்றுவிட்டு எழுந்துவிடுகிறான். உங்கள் மூச்சைக் கொடுத்து மேலே அனுப்பிய பிள்ளை இப்படித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாழக் கூடாது. அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு அவனைத்தான் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். அன்று பாதியில் விட்டதை அவனே பேசி முடிக்கட்டும். எத்தனை காலம் ஆனாலும் சரி, அவன் தலை நிமிர்ந்து, “அக்கா, இன்னங் கொஞ்சம் சோறு போடு” என்று கேட்கும்வரை நான் ஓயமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் அத்தை மகள்,
உங்களைக் கட்டியவள்,
தெய்வாத்தாள்