ஆஸ்திரேலியாவுக்குப் போகும் பெட்டிகள்

நவம்பர் 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். ரெயின்கோட் பட்டன் தைக்க வேண்டும் (போன மழைக்கும் இதையேதான் எழுதியிருப்பேன்). கோவில்பதாகையிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போவதற்குள் பாதி நனைந்து, மீதி சேறு.

கம்பெனியின் முதல் ஏற்றுமதி. இத்தனை வருடம் உள்ளூருக்கே பம்ப் பாகங்கள் வார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது ஆஸ்திரேலியா. எம்.டி. ஓரிடத்தில் உட்கார்வதில்லை. பேப்பர் முழுக்க என் தலையில்.

இன்வாய்ஸ் – முடிந்தது.
பேக்கிங் லிஸ்ட் – எடை இடிக்கிறது.
மரப்பெட்டிக்குப் பூச்சி இல்லை என்ற சான்றிதழ் – வந்துவிட்டது.
ஷிப்பிங் பில் – கஸ்டம்ஸ் ஏஜென்ட் ரஃபி பாய் போடுவார்.
பால் பாக்கெட், பாப்பாவுக்கு சார்ட் பேப்பர்.

ரஃபி பாய் போனில்: "மேடம், அந்த ஊர்க்காரன் எத வேணா வுட்ருவான். மண்ணு, எல, வெத மட்டும் வுட மாட்டான். பேக்கிங் டிக்ளரேஷன் கரெக்டா குட்த்துடுங்க."

கொடுத்தேன். பெட்டிக்குள் வைக்கோல்? இல்லை. மண், மரப்பட்டை? இல்லை. இலை, விதை, தானியம்? இல்லை. கீழே என் பெயர், என் கையெழுத்து. பெட்டிகளை இன்னும் மூடவே இல்லை. எங்கள் வழக்கம் அப்படி. பேப்பர் முதலில், சரக்கு பிறகு.

நவம்பர் 12, செவ்வாய்

வெயில், ஆனால் நம்ப முடியாத வெயில். எடை சரியாகிவிட்டது. பெட்டியின் எடையைச் சேர்க்காமல் போட்டிருந்தேன். யாரும் கவனிக்கும் முன் நானே பிடித்தேன், ஒரு காபி எனக்கு.

மதியம் பேக்கிங் ஷெட். அங்கே எல்லாம் செல்வி அக்கா பொறுப்பு. பாரிவாக்கத்திலிருந்து வருகிறார், நான் சேரும் முன்பிருந்தே இருப்பவர். ஷெட்டில் கற்பூர வாசனை. எதற்கு என்று கேட்டிருக்கலாம்.

"கப்பல்ல எத்தினி நாளு போவும்மா இது?"

"மூணு நாலு வாரம் ஆகும்க்கா."

"அவ்ளோ நாளு தண்ணியிலயேவா இர்க்கணும்? ஐயோ பாவம்," என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். இரும்புக்குப் பாவம் பார்க்கிற ஆள்.

நவம்பர் 13, புதன்

கன்டெய்னர் வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சை, வாசலில் பூசணிக்காய். எம்.டி. கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார். கதவில் சீல் போட்டு நம்பரை நான் பதிவு செய்தேன். அந்த நம்பரோடுதான் துறைமுகத்துக்குள் போக முடியும்.

அத்தோடு விட்டிருந்தால் நல்ல நாள்.

சாப்பிடும்போது செல்வி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ இன்னாத்துக்கும்மா மூஞ்ச இப்டி வச்சிகினு கீற? ஒவ்வொரு பொட்டிலயும் வேப்பில, ஒரு புடி மஞ்சா அரிசி வச்சுதான் மூடிகீறேன். அம்மன் பாத்துக்கும்."

டிபன் பாக்ஸை மூடினேன். எந்தப் பெட்டி என்றேன். "எல்லாத்துலயும்தான். ஒண்ணுக்கு வச்சி ஒண்ணுக்கு வெக்காம வுடுவாங்களா?" என்று சிரித்தார்.

எம்.டி.யிடம் ஓடியிருக்க வேண்டும், கை கழுவப் போனேன். ரோட்டில் லாரிகளை விடும் நேரம் வந்ததும் கன்டெய்னரை ஏற்றிய டிரெய்லர் கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான். கோழை.

நவம்பர் 14, வியாழன்

தூக்கமே இல்லை. பாப்பாவுக்கு ஸ்கூலில் குழந்தைகள் தினம், கலர் டிரஸ். இஸ்திரி போடும்போது கவுனைக் கருக்கிவிட்டேன். அவள் அழ, நான் கத்த, இவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனார்.

ரஃபி பாயிடம் சும்மா கேட்பதுபோல்: ஒரு பார்ட்டி பெட்டிக்குள் அரிசி, இலை போட்டுவிட்டால்?

"தொறக்கலன்னா ஒண்ணும் இல்ல மேடம். தொறந்தான்னா கொளுத்துவான், இல்லாங்காட்டி திருப்பி அனுப்புவான். அப்பறம் அந்தப் பார்ட்டி பேரு எப்ப வந்தாலும் நிறுத்திவெச்சுப் பாப்பான். யாரு மேடம் அது?"

"தெரிஞ்சவங்க."

"நம்ம வண்டி ஹார்பர் க்யூல கீது. இன்னும் உள்ள போவல."

க்யூவில் நிற்கிறது. சாமி, இந்த ஊர் டிராஃபிக்கை இனி திட்டமாட்டேன். மூன்று முறை எம்.டி. அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். சொன்னால் செல்வி அக்கா வேலை போய்விடுமோ? சொல்லாவிட்டால் பொய்யில் என் பெயர். நாலாவது முறை உள்ளே போய்விட்டேன்.

சொன்னேன். செல்வி அக்காவைத் திட்டாதீர்கள், அவருக்கு நாம் சொல்லவே இல்லை என்றும் சொன்னேன். எம்.டி. ஆச்சரியப்படவே இல்லை. மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அரிசி குடுத்தனுப்புனதே எங்க வீட்லதான்மா. மொதல் பொட்டில நானே என் கையால வெச்சேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"விட்ருமா. கப்பல் போயிடும். அவ்ளோ பொட்டியில தேடி நம்மளதான் தொறக்கப் போறானா?"

வந்த கோபத்தில் அந்த டிக்ளரேஷனைப் புதிதாக ஒரு பிரதி எடுத்து அவர் முன்னால் வைத்தேன். என் பெயர் இருந்த இடம் காலி. "அப்ப நீங்க போடுங்க சார்."

பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். படித்தார், மறுபடி படித்தார். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டார்.

"டிரைவர் நம்பர் குடு," என்றார்.

நவம்பர் 15, வெள்ளி

நல்ல மழை. டிரெய்லர் திரும்பி வந்தது. டிரைவர்: "இன்னாமா, க்யூல நின்னு நின்னு இப்பதான் கேட்டாண்ட போனேன், திரும்பி வாங்கறீங்க?" டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். வடையைத் தின்றுவிட்டும் திட்டினார்.

சீலை வெட்டினோம். செல்வி அக்கா ஆணி பிடுங்க மறுத்து ஓரமாக நின்றார். "சாமிக்கு வச்சத எடுக்கக் கூடாதும்மா. உனுக்குத் தெரியாது." எம்.டி. சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் பெட்டியை அவரே திறந்தார். அதைப் பார்த்த பிறகுதான் செல்வி அக்கா கடப்பாரையை வாங்கினார்.

அரிசி லேசில் வரவில்லை. ஒவ்வொரு பாகத்தின் துளையிலும் நாலு அரிசி மணி. ஏர் ஹோஸ் வைத்து ஊதினோம், டார்ச் அடித்துப் பார்த்தோம், விரல் விட்டுத் தடவினேன். கை முழுக்க மஞ்சள். எடுத்ததையெல்லாம் செல்வி அக்கா முந்தானையில் வாங்கிக்கொண்டார், ஒரு மணி கூடத் தரையில் விடவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்தது அடுத்த வாரம். ஆஸ்திரேலியாவில் சரக்கு வாங்குகிறவர்களுக்குத் தாமதத்தின் காரணத்தை உள்ளபடியே எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

நவம்பர் 16, சனி

இன்னும் பதில் இல்லை. ஆர்டர் போனால் என்னால்தான் போனது என்பார்கள். இருக்கட்டும். இருக்கட்டும் என்று எழுதுகிறேனே தவிர மெயிலை நிமிஷத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கிறேன்.

பெட்டிகளை மூடி மறுபடி ஏற்றினோம். இந்த முறை ஒவ்வொன்றிலும் நானே கையை விட்டுப் பார்த்த பிறகுதான் ஆணி. புது சீல், புது நம்பர், ரஃபி பாய் திருத்தம் போடுகிறார். டிக்ளரேஷனை ஷெட்டிலேயே, பெட்டி மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். இல்லை, இல்லை, இல்லை.

கதவு சாத்தும் முன் செல்வி அக்கா வந்து நின்றார். நேற்று கடப்பாரையை வாங்கியதிலிருந்து முதல் பேச்சு.

"உள்ள ஒண்ணும் வெக்கக் கூடாது. சரி. வெளிய நின்னு மனசுல வேண்டிக்கலாமா, இல்ல அதுக்கும் ஃபாரம் கீதா?"

"அதுக்கு ஃபாரம் இல்லக்கா."

"அப்ப நீயும் வந்து நில்லு," என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.