மேட்ரன் கொடுத்த புடவை

17.8.2006, வியாழன்

கனடாவில் நர்சாகப் பதிவு செய்ய அசல் சான்றிதழ்கள் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவற்றை ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளிநாடு என்று சொன்னால் இழுத்தடிப்பார்கள். அதனால் போன வாரம் மேட்ரனிடம் பொய் சொன்னேன். "கல்யாணம் நிச்சயமாயிருக்கு மேடம். மாப்பிள்ளை வீட்டுல சர்ட்டிபிகேட்டைப் பார்க்கணுங்கறாங்க."

இன்று டூட்டி முடிந்ததும் கூப்பிட்டு ஃபைலைக் கொடுத்தார். கூடவே ஒரு பட்டுப் புடவை.

"என் பொண்ணுக்கு எடுத்தது கண்ணு. அவ ஒருவாட்டி கூட கட்டல. முகூர்த்தத்துக்கு நீ கட்டிக்க. மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

"ஜூஜுவாடி மேடம்." கூசாமல் சொன்னேன். வேலை எந்தக் கம்பெனி என்றார். அதற்கும் ஒன்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கனடா விண்ணப்பப் படிவங்களை எடுத்தேன். கடைசித் தாளை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். அதை நான் நிரப்பக் கூடாது. என் மேலதிகாரியே நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, நேராகக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும். அதாவது மேட்ரன். அதில் ஒரு கேள்வி: இவர் நேர்மையானவரா?

தாளை நீட்டினால் கல்யாணம் பொய் என்றும் சொல்லியாக வேண்டும். போன வாரமே இதை நீட்டியிருந்தால், மேடம் யோசிக்காமல் 'ஆம்' என்று எழுதியிருப்பார்.