மைனருக்கு எண்ணெய் வைத்த சனிக்கிழமை

மே 6, புதன்

வெயில். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் காலையிலேயே கொதிக்கிறது. வாய் கொப்பளித்து உதட்டைச் சுட்டுக்கொண்டேன். கத்திரி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இன்னும் எவ்வளவு இருக்கிறதோ.

அம்மா சென்னிமலைக்குப் போயாச்சு. சித்திக்குக் காலில் ஆபரேஷன். சித்தி எழுந்து நடமாடும்வரை அங்கேதான். பஸ் ஏறும்போது சொன்னது: "ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசித் தொலைங்க. அந்த வாயில்லாச் சீவன் எத்தனையத்தான் சுமக்கும்?"

விஷயம் இதுதான். இன்ஜினியரிங்கை ரெண்டாம் வருஷத்தில் நான் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. மைனரோடு பேசுவார். எனக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாக. மைனர் எங்கள் நாய். பாதி லேப்ரடார், பாதி செல்வபுரம் தெரு. நல்ல கறுப்பு.

இன்றைய சேதிகள்:

"மைனரு, சோத்துக்கு என்னன்னு உங்கக்காளக் கேளு."

"மைனரு, அந்த பேக்கரி வேலையும் ஊத்திக்கிச்சாட்டருக்குது?"

"மைனரு, பைப்ப மூடச் சொல்லுடா. தண்ணி போகுது."

நானும் அப்படித்தான். "மைனரு, தக்காளிச் சோறுன்னு சொல்லிப்போடு. பேக்கரி மொதலாளி வாய் சரியில்லீன்னும் சொல்லு."

அது அவரைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், வாலாட்டும். ரெண்டு பேரும் தன்னைத்தான் கொஞ்சுகிறார்கள் என்று நினைப்பு.

மே 7, வியாழன்

மைனர் நாள் முழுக்க பாத்ரூம் தரையில். நாக்கு ஒரு முழம் தொங்குகிறது. சோறு தொடவில்லை.

நான் செய்தவை: ஜன்னலுக்கு ஈரச் சாக்கு. தண்ணீர்க் கிண்ணம் ஒன்றுக்கு இரண்டு. வாக்கிங் இனி விடிவதற்கு முன்னால். (நான் விடிவதற்கு முன்னால் எழுவதா? பார்ப்போம்.)

மத்தியானம் அப்பா லேத் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தார். கையில் ஒரே ஒரு இளநீர். நாய்க்கு. தட்டில் ஊற்றி வைத்தார். அது மோந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் பாத்ரூமுக்கே போய்விட்டது.

"நீ குடிக்கலீன்னா உங்கக்காளையாவது குடிக்கச் சொல்லு. வீணாப் போகுது."

நாய்த் தட்டில் ஊற்றியது போக மிச்சத்தைக் குடித்தேன். மானம் பார்க்கிற வெயிலா இது.

அப்புறம் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பா: "சூடு புடிச்சுக் கெடக்குதுடா உனக்கு. சனிக்கெழம எண்ணெ வெச்சு உட்டா எல்லாம் எறங்கிப் போகும். ஆம்பளைக்குச் சனிக்கெழமதான?"

சிரித்துவிட்டேன். ஜோக் என்று நினைத்தேன்.

மே 9, சனி

உடம்பெல்லாம் விளக்கெண்ணெய் வாடை. இரண்டு தடவை குளித்தும் போகவில்லை. வரிசையாக எழுதினால்தான் நடந்தது எனக்கே புரியும்.

காலை: அப்பா மாடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வழக்கம். நான் என் அறையில். ஃபேன் முழு வேகம், காதில் ஹெட்போன். கொஞ்ச நேரத்தில் அவர் வண்டி கிளம்புகிற அதிர்வு மட்டும் தெரிந்தது. வீட்டில் மைனர் கண்ணில் படவில்லை. பாத்ரூமில் கிடக்கும் என்று விட்டுவிட்டேன்.

உச்சி வெயிலில் துணி எடுக்க மாடிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அனல்.

மைனர் சிமென்ட் தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. மினுமினு என்று. யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். தொட்டேன். எண்ணெய். விளக்கெண்ணெய். தலையிலிருந்து வால் நுனி வரைக்கும், காது மடிப்புக்குள்கூட. கழுத்துக் கயிறு தொட்டிக் குழாயில் கட்டியிருக்கிறது. தொட்டியின் நிழல் அந்தப் பக்கம் போய் எத்தனை நேரமோ. கயிறு அவ்வளவு தூரம் எட்டாது. சுற்றிலும் பேதி. நாக்கு பீட்ரூட் நிறம். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"மைனரு."

ஒன்றுமில்லை.

குழாயைத் திறந்தேன். கொதிக்கிற தண்ணீர். மூடிவிட்டேன். கழுத்துக் கயிற்றைக் கழற்றிவிட்டுத் தூக்கினேன், வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி வழுக்கியது. அழுகைகூட வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது. கொடியில் அம்மாவின் சென்னிமலை பெட்ஷீட். அதில் சுருட்டிக் கீழே தூக்கி வந்தேன். சமையலறை மண்பானைத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். முதுகில் விழுந்தது உருண்டு ஓடிவிட்டது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. எண்ணெய்.

தெருமுனையில் ஆட்டோ. தங்கராசண்ணன்.

"ஏனுங் அம்மணி, எண்ணெச் சட்டில உழுந்துருச்சுங்களா?"

"ஆர்.எஸ்.புரம் போங்கண்ணா. நாய் டாக்டரு. சீக்கிரம்ங்ணா."

"சீட்டெல்லாம்…" என்று இழுத்தவர் பெட்ஷீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "ஏறுங்க ஏறுங்க. சீட்டு கெடக்குது."

டாக்டரம்மா தெர்மாமீட்டரை இரண்டு தடவை பார்த்தார். அந்த இரண்டாம் தடவையே பயமாக இருந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு உதவியாளும் நானும் தேய்த்தோம். சாதாரணக் குழாய்த் தண்ணீர், பக்கத்தில் டேபிள் ஃபேன், காலில் டிரிப். ஐஸ் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. ஒரேயடியா குளிர வெச்சா ரத்தக் குழாய் சுருங்கிக்கும். சூடு உள்ளயே நின்னுரும்." பிறகு உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டு: "வெளக்கெண்ணெயா? யாரு தேச்சது?"

நான் குனிந்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"நமக்குத்தாம்மா எண்ணெ குளிர்ச்சி. இதுக்கு நம்மள மாதிரி வேர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளோணும். முடிக்குள்ள காத்துப் போற வழியவும் அடைச்சாச்சு. பத்தாததுக்கு நக்கியிருக்குது. வெளக்கெண்ணெ பேதி மருந்து. ஒடம்புல இருந்த தண்ணியும் போச்சு."

வெளியே வந்து அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். காலேஜை விட்ட பிறகு முதல் தடவை. எடுத்தார். பேசவில்லை. பின்னால் லேத் ஓடுகிற சத்தம்.

"மைனரு சாகக் கெடக்குதுங்கப்பா."

லேத் நின்றது.

கணபதியில் இருக்கிற பட்டறையிலிருந்து வந்து சேர்ந்தார். பட்டறைச் சட்டை. காதுக்குப் பின்னால் எண்ணெய் போகத் தேய்த்த அரப்பு பச்சையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது, அவசரத்தில் சரியாக அலசவில்லை. மேஜை பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்துச் சொன்னார்:

"மைனரு… உங்கக்காகிட்டச் சொல்லச் சொன்னனேடா. தொட்டி நெழல்ல கட்டிருக்கறேன், எண்ணெ கொஞ்சம் ஊறட்டும், பட்டறைல அவசரமாக் கூப்புடறாங்க, அக்கா வந்து அரப்புப் போட்டு ஊத்தி உடுவான்னு, மாடிப்படில நின்னு சொல்லிப்போட்டுத்தானடா போனேன்."

படியில் நின்று. நாயிடம்.

பூனைக் கூண்டு வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்மணி, ரிசப்ஷன், எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"எங்கிட்டச் சொல்லோணும்ங்கப்பா! நாய்கிட்டச் சொன்னா, கட்டிப்போட்ட நாய் எறங்கி வந்து எங்கிட்டச் சொல்லுமாங்க?"

"மெதுவாங்க, பேஷண்ட் இருக்குது," என்றார் உதவியாள்.

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். நாய் பக்கம் திரும்பினார். அது கண் மூடிக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டார்.

மே 10, ஞாயிறு

மைனர் அங்கேயே. டாக்டரம்மா: "இன்னைக்கு ராத்திரி தாண்டட்டும். கிட்னி எப்படின்னு பாத்துட்டுச் சொல்றேன்."

வெயில் குறையவில்லை. தூக்கம் இல்லை. வீட்டில் சத்தமே இல்லை.

மத்தியானம் அப்பா ஓட்டலில் பொட்டலம் வாங்கி வந்தார். இரண்டு. என் அறை வாசலில் வந்து நின்றார். பழக்க தோஷம், தரையில் நாயைத் தேடினார். இல்லை. பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். இதுவே முந்தாநாள் என்றால், "மைனரு, ஆறிப் போகுது, திங்கச் சொல்லு" என்றிருப்பார்.

அம்மா ஃபோன்.

"அப்பா என்ன சொல்றாரு?"

"நாய் ஊட்ல இல்லீங்கம்மா. எப்படிச் சொல்லுவாரு?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுததா சிரித்ததா தெரியவில்லை.

மாடியைக் கழுவப் போனேன். வெறுங்காலை ஒரு நொடி வைக்க முடியவில்லை. அங்கேதான் அது கிடந்திருக்கிறது.

நேற்று பார்க்காததை இன்று பார்த்தேன். தொட்டி ஓரமாக, காலையில் நிழல் இருந்திருக்கும் இடத்தில், அப்பாவின் வெள்ளை வேட்டி. நாலாக மடித்து மெத்தை மாதிரி விரித்தது. பண்டிகைக்கு மட்டும் கட்டுகிற வேட்டி. முழுக்க எண்ணெய்க் கறை. பக்கத்தில் கவிழ்ந்த தண்ணீர்க் கிண்ணம். வாட்டர் டேங்க் திண்டின்மேல் இரண்டு மில்க் பிஸ்கட்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன், சுட்டாலும். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். நிழல் நகரும் என்பது ஒன்றைத் தவிர.

ஒன்று எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள். அப்பா படியில் நின்று சொன்னால் தெருவுக்கே கேட்கும். நேற்று ஹெட்போனில் பாட்டு ஓடவில்லை. ஒன்றுமே ஓடவில்லை. அவர் சேதி காதில் விழக்கூடாது என்றுதான் மாட்டியிருந்தேன்.

மே 11, திங்கள்

எழுந்து நின்றது! கால் நடுக்கம், ஆனால் நின்றது. தண்ணீர் குடித்தது. கிட்னி பரவாயில்லையாம். என்னைப் பார்த்து வாலாட்டியது. டாக்டரம்மாவைக் கட்டிப் பிடித்துவிட்டேன்.

நல்ல செய்தியை அனுபவிக்க விடவில்லை.

உதவியாள் கை தவறி ஸ்டீல் ட்ரேயைப் போட்டார். அந்த அறையே அதிர்ந்தது. மூலையில் இருந்த ஒரு பூனை கூண்டுக்குள் எகிறியது, நான் துள்ளினேன். மைனர் என் கையை நக்கிக்கொண்டே இருந்தது. காதுகூட அசையவில்லை.

பின்னால் போய்க் கை தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். டாக்டரம்மா சாவிக்கொத்தைக் குலுக்கினார். தட்டை அடித்தார். திரும்பவில்லை.

"காது கேக்கலையாட்டருக்குது. சூடு தலைக்கு ஏறுனா அபூர்வமா இப்படி ஆகறதுண்டு. திரும்பலாம். திரும்பாமயும் போலாம். உயிரு இருக்குதல்லம்மா."

இருக்கிறது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? யார் மூலமாக?

மே 12, செவ்வாய்

வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. தங்கராசண்ணன் ஆட்டோவில்தான். சீட் கவர் மாற்றியிருக்கிறார். காசு பேச விடவில்லை.

டாக்டரம்மா சொன்னவை: மத்தியானம் வெளியே விடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். ரோட்டில் புறங்கையை வைத்துப் பார், உன் கை தாங்கினால்தான் அதன் பாதம் தாங்கும். எண்ணெய் இனி ஜென்மத்துக்கும் வேண்டாம்.

சாயங்காலம் பொழுதோட அப்பா வந்தார். கேட்டைத் திறக்கும்போதே வழக்கமான குரல்.

"மைனரூ!"

அது ஹாலில், வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

"டேய் மைனரு. நாந்தான்டா."

அசையவில்லை. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாய்க்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"கோவமாடா? எம்மேல கோவந்தான? இருக்கத்தான் செய்யும். தெரியாமச் செஞ்சுபோட்டேன்டா. உனக்குக் குளுருமுன்னுதான்டா செஞ்சேன்."

தாங்க முடியவில்லை.

"கோவமில்லீங்கப்பா. அதுக்குக் காது போச்சு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நடுவில் யாரும் இல்லாமல் நேராகப் போனது.

அவர் திரும்பவில்லை. மைனரின் காது மடலைத் தூக்கி உள்ளே பார்த்தார், பட்டறையில் வேலை முடிந்த உருளைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிற மாதிரி. கை பட்டதும்தான் அது திடுக்கிட்டுத் திரும்பியது. அவரைப் பார்த்தது. எழுந்து முகமெல்லாம் நக்கியது. வால் தரையில் பட் பட் என்று.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாங்கி வந்த பன் பை வாசலிலேயே கிடந்தது. எறும்பு மொய்த்துவிட்டது.

மே 13, புதன்

மேகம். மழை இல்லை. புழுக்கம் இன்னும் மோசம். அம்மா வெள்ளிக்கிழமை வருகிறாள். பெட்ஷீட் கறை போகவில்லை, சொல்லவில்லை.

அப்பா பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்தார். தொட்டிக்கு மேல் நிழலுக்குப் போட பச்சை வலை. அவரே ஏறிக் கட்டினார். குழாயில் தொங்கிய நாய்க் கயிற்றை அவிழ்த்து வீசினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்தேன்.

பொழுது சாய்ந்ததும் மைனரை வாக்கிங் கூட்டிப் போகச் செருப்பை மாட்டினேன். அப்பாவும் பின்னாலேயே வந்தார். கேட்டுக்கு வெளியே குனிந்து தார் ரோட்டில் புறங்கையை வைத்தார்.

"மைனரு…" என்று ஆரம்பித்தார்.

மைனர் எதிர்வீட்டு மதில் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா நிறுத்தினார். கையை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

"இன்னும் சூடு எறங்கல, அம்மணி. செத்த நேரம் கழிச்சுப் போலாம்."

நான் ஒரு செருப்பைக் கழற்றி ரோட்டில் காலை வைத்துப் பார்த்தேன்.

"ஆமாங்கப்பா. சுடுது."