அன்னம்மாள் பாதத்தில் ஒட்டாத சாயம்

அன்பு மகள் ஜெனட்டுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் நீ கேட்ட விஷயம். நீ வாங்கிய மரக்கிளிக்கு அக்ரிலிக் சாயம் பூச அவசரப்படாதே. மணல்தாளால் மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய், குறுக்கே தேய்த்தால் கீறல் சாயத்துக்கு மேலும் தெரியும். தூசியைத் துடைத்து வெள்ளை அண்டர்கோட் பூசிக் காயவிடு. பிறகு சாயத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூசு, ஒரேயடியாக அப்பினால் செதுக்கிய சிறகெல்லாம் அடைத்துப்போகும். காய்ந்தால் நிறம் கொஞ்சம் இருட்டும், அதனால் அடிப்பாகத்தில் பூசிப் பார்த்துக்கொள். பிரஷ்ஷைக் கழுவாமல் விட்டால் குப்பைக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேல், எண்ணெய் பட்ட மரத்தில் இந்தச் சாயம் நிற்கவே நிற்காது, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஜெபக்கூட்டத்துக்காக நான் செம்படாக் பலாமரத்தில் செதுக்கிய புனித அன்னம்மாள் சுரூபம் நம் வீட்டில்தானே இருக்கிறது, திருநாளுக்கு முன் புதுச் சாயம் பூசினேன். ஒரே வாரத்தில் பாதத்தில் மட்டும் தோல் தோலாக உரிந்தது. மறுபடி பூசினேன், மறுபடி உரிந்தது. சாயம் விற்ற மார்கஸ் மேல்தான் முதல் சந்தேகம், பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவனோ, "பாஸ்கல் அண்ணே, சாயம் பாகுஸ் லா, நல்ல சரக்குதான், யாரோ கால்ல என்னமோ தடவுறாங்க, வீட்ல போய்ப் பாருங்க" என்றான். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யார்? ஈப்போவுக்குப் போகிறேன் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தவன், முச்சந்தியோடு திரும்பி வந்து பின்வாசலில் நின்று பார்த்தேன். உன் அம்மா அந்தப் பாதத்தில் கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தேய்த்து, உதடு பதித்து முத்தி செய்து, அழுதுகொண்டிருக்கிறாள்! எதற்கு என்று கேட்டால், "ஒங்க சாயத்தவிட எனக்கு வேண்டுதல் பெருசு லா, போய் வேலையப் பாருங்க" என்கிறாள். பிள்ளை வரத்துக்கும் சுகப் பிரசவத்துக்கும்தான் அன்னம்மாளிடம் போவார்கள் என்று எனக்குத் தெரியாதா? போன மாதத்திலிருந்து நீ கூப்பிட்டால் போனை அறைக்குள் கொண்டுபோகிறாள், நான் உள்ளே நுழைந்தால் பேச்சு மழை வெயில் என்று மாறுகிறது.

நீங்கள் மறைப்பது என்ன என்று புரிந்தபோது கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். போன தடவை மூன்று மாதம் ஆகுமுன்னே கோயில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னவன் நான்தான். அது தங்காமல் போனபோது கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி நொந்தவள் நீ. அதற்கு இன்றுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன் மகளே. நீயாகச் சொல்லும்வரை நான் கேட்கமாட்டேன், மார்கஸிடம்கூட மூச்சு விடமாட்டேன்.

பாரம் தூக்காதே. கிளியை மாப்பிள்ளையே பூசட்டும். ஆண்டவர் உங்களை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும். சுரூபத்துக்கு மறுபடி சாயம் பூசியாயிற்று, பாதத்தை மட்டும் விட்டுவிட்டேன். அம்மா ஜெபம் முடித்து எழுந்துபோனதும் நானும் கொஞ்சம் எண்ணெய் தடவுகிறேன். எண்ணெய் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று இப்போது அவளுக்குத்தான் சந்தேகம்.

உன் அப்பா,
பாஸ்கல்
சுங்கை சிப்புட்