கர்ர் என்று ஒரு கம்பி

12 ஜூலை 1997, சனி

நாற்பது வயதில் என் மனைவி ரீட்டாவுக்குக் கிட்டார் கற்றுக்கொள்ள ஆசை வந்திருக்கிறது. பீன்யா தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து நான் கல்யாண பேண்டை விட்ட நாளிலிருந்து என் எலக்ட்ரிக் கிட்டார் பீரோ மேலேயே கிடந்தது. இன்று சாயங்காலம் இறக்கித் துடைத்தேன். அவள் விரல் வலிக்கக் கூடாதென்று மெல்லிய கம்பிகளாகப் போட்டேன். அடிக்கம்பி மட்டும் பழையபடி கழுத்தில் உள்ள ஃப்ரெட் பட்டைகளில் உரசி இரைந்தது. அந்தக் காலத்தில் அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது. மேடையில் கூசிக் குறுகித்தான் வாசிப்பேன். இன்று சின்னச் சாவியால் அந்தக் கம்பியை உயர்த்தி, இரைச்சலை ஒழித்துவிட்டுப் பெருமையாக நீட்டினேன்.

அழுத்திப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அழுத்தவே முடியலங்க. ஸ்வல்ப இறக்குங்க."

"இறக்குனா கர்ர்னு இரையும்மா."

"இரையட்டுமே. எங்க மர்பி டவுன் கல்யாணங்கள்ல ரெண்டு கிட்டார் வாசிப்பாங்க. பொம்பளைங்க பக்கம் உக்காந்தா மேடையே தெரியாது. அந்தக் கர்ர வெச்சுதான் நீங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுப்பேன்."

"எப்போ? நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியா?"

"பின்ன?"

சாவியை எடுத்து மறுபடி இறக்கிக் கொடுத்தேன். வாசித்தாள். நன்றாகவே இரைந்தது.

எங்களுடையது பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.