ஆறு மாத நர்ஸம்மா

புத்தர் துணை

சாம்பியன் ரீஃப்,
14-8-1966.

அன்புள்ள ராணிக்கு, தம்மபாலன் எழுதுவது. நானும் குழந்தை விசாகாவும் சுகம். நீயும் பெங்களூரில் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் இதுவரை எழுதி வந்தேன். உன் கடிதத்தைப் பார்த்த பிறகு, சுகமாக இல்லாவிட்டாலும் அங்கேயே இரு என்று எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு வருஷ மிட்வைஃப் டிரெயினிங்கை, இன்னும் எட்டு மாதம் இருக்கும்போது விட்டுவிட்டு வருகிறாயாம். ராபர்ட்சன்பேட்டையில் சௌந்தரராஜன் நடத்தும் ஆறு மாத நர்ஸ் வகுப்பில் சேர்ந்துகொள்கிறாயாம். குழந்தையோடும் இருக்கலாம், சர்டிபிகேட்டும் கிடைக்கும் என்கிறாய். ரொம்ப நல்ல யோசனை. இதை உனக்குச் சொல்லிக்கொடுத்த என் தங்கை தங்கம்மாவுக்கு மாலை போட்டு மரியாதை செய்ய வேண்டும்.

அந்த வகுப்பை நேரிலேயே போய்ப் பார்த்தேன். சைக்கிள் கடைக்கு மேல் ஒரே அறை. மருந்துக்கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த சௌந்தரராஜன் இப்போது கழுத்தில் குழாய் மாட்டிக்கொண்டு பிரின்சிபால் ஆகிவிட்டார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாத்துக்குடிக்கு ஊசி போட்டார்கள். ஒரு பழமும் அழவில்லை. எல்லாரும் பாஸ் ஆவார்களா என்று கேட்டேன். ஃபீஸ் கட்டினவர்களை எப்படி ஃபெயில் ஆக்குவது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அங்கே முதலாவதாகத் தேறியவள் தசரதன் மகள் மாலா. போன மாதம் நம் லைன் வீடுகளில் பழனியம்மாவுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்கு நடுக்கம் என்பதால் மாலாவைக் கூப்பிட்டார்கள். வெள்ளைப் புடவை, வெள்ளைச் செருப்பு, கையில் பெட்டியோடு வந்தாள். பிள்ளையின் தலை தெரிந்ததோ இல்லையோ, நர்ஸம்மா மயக்கம் போட்டு விழுந்தாள். பிள்ளை பெறுகிறவளை விட்டுவிட்டு இவளுக்குச் சோடா வாங்க ஓடினார்கள். கடைசியில் பழனியம்மாவை ஜட்காவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்தக் குதிரை செய்த புண்ணியம். மாலா இன்னும் அதே வெள்ளைப் புடவையில்தான் உலாவுகிறாள்.

உன் டிரெயினிங்கை நடத்துகிறவர்கள் மட்டும் பெரிய புத்திசாலிகளா? இரண்டு வருஷம் என்று கோடு கிழித்துவிட்டார்கள். யார் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், யார் மாமியார் படுத்த படுக்கை என்று எட்டிப் பார்க்க ஆளில்லை. உன்னோடு சேர்ந்தவர்களில் பாதிப்பேர் பெட்டியைக் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறாய். எல்லாருக்கும் நியாயமான காரணம் இருந்திருக்கும். நியாயமான காரணத்துக்கு எந்தச் சர்க்காரும் சர்டிபிகேட் கொடுப்பதில்லை, ராணி.

இங்கே சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கும்போது, பெண்டாட்டியைப் படிக்க அனுப்பிவிட்டுக் கஞ்சி காய்ச்சுகிறவன் என்று என்னைக் கேலி செய்கிறார்கள். காய்ச்சத்தான் செய்கிறேன். அந்த மூஞ்சிகளுக்கு வீட்டில் கிடைப்பதைவிட என் கஞ்சி நன்றாகவே இருக்கிறது.

தங்கம்மா உனக்கு எழுதியது உண்மைதான். நான் வேலைக்குப் போனால் விசாகாவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தானே, அவளைத்தான் அம்மா என்கிறாள். உன் படத்தைக் காட்டினால் பெங்களூர் அம்மா என்கிறாள். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் அதை மட்டும் உனக்கு எழுதாமல் இருந்தேன்.

ஆனால் இன்னொரு சேதியைத் தங்கம்மா எழுதியிருக்க மாட்டாள். அவள் முழுகாமல் இருக்கிறாள். பிரசவத்துக்கு மாலாவிடம் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டேன். இன்னா அண்ணா வெளையாடுறியா, எங்க அண்ணி வந்து பாத்துக்கும் என்றாள். படிப்பை விட்டுவிட்டு வா என்று உனக்கு எழுதிய அதே வாய்தான். உன் படிப்பு முடிகிற சமயம்தான் அவளுக்கும் மாதம். அந்த வெட்கம் கெட்டவளுக்காகவாவது முடித்துவிட்டு வா. பெற்றவளை அம்மா என்று கூப்பிட விசாகாவுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும்.

சர்டிபிகேட் இல்லாமல் வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். நீ வந்து தட்டினால், ஷிஃப்ட் முடிந்து அடித்துப் போட்டதுபோல் தூங்கினாலும் எழுந்து ஓடிவந்து திறந்துவிடுவேன். அதனால்தான் கேட்கிறேன். வராதே.

மும்மணிகள் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
தம்மபாலன்.